உள்ளறை மைக்

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் காட்டோரமாக இருந்த ஒரு வாடகை வீட்டிலிருந்து போன பாட்டு நேரலையில், அந்த வீட்டில் இருந்தவனுக்குக் கேட்காத ஒரு பேச்சு கேட்டது.

முதலில் அதை எழுதியது ஓசூரில் வேலை செய்யும் யாரோ ஒரு பையன். திரையின் வலது ஓரத்தில், நெருப்புப் படங்களுக்கும் இதயங்களுக்கும் நடுவே ஒரு வரி வந்து மேலே ஏறிப் போனது: "அண்ணா மைக் ஆஃப் பண்ணுங்க. நீங்க பேசறது பாட்டு மேல வருது."

தாண்டவராயன் மைக்கைப் பார்த்தான். அது அணைந்துதான் இருந்தது. அவன் பேசவும் இல்லை. ஆரம்பத்தில் வணக்கம் சொன்னதோடு சரி. அதன்பிறகு ஹெட்போனை இரண்டு காதுகளிலும் அழுத்தி மாட்டிக்கொண்டு ஒரு பாட்டின் வாலை இன்னொன்றின் தலையோடு சேர்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. அறுத்துப் போட்ட சாமைத் தாளின் ஈரவாடையும், ஆம்ப்ளிபையரில் சுட்ட தூசியின் வாடையும் அறைக்குள் கலந்து கிடந்தன.

அந்த வரியை அவன் பொருட்படுத்தவில்லை. நேரலைக்கு வருகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எங்கே மேடை போட்டாலும் ஒரு காலத்தில் 'டீஜே தாண்டவ்' இருப்பான். மனைவி மாலினிக்கு மலையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது ஸ்பீக்கர் பெட்டிகளை ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு அவனும் வந்தான். ஆடி மாத மழையில் மாலினி ஸ்கூட்டியோடு வளைவில் சறுக்கி விழுந்து செத்துப்போனாள். அவன் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் டாக்டர் ஊசி போட்டதும் தாடை மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாருடைய கன்னத்தையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் அன்றிலிருந்து அவன் உடம்பு முழுக்க இருந்தது. சமைத்தான். துணி துவைத்தான். ஐந்து வயது மகள் கவியாவுக்குத் தலை வாரிப் பின்னினான். பேசுவது மட்டும் அவனால் முடியவில்லை. "சாப்புடு", "தூங்கு" என்ற இரண்டையும் தாண்டி அவளிடம் சொல்வதற்கு அவனிடம் எதுவும் இல்லாமல் போயிற்று.

மாலினியின் தங்கை ஷோபனா தீபாவளிக்குக் கலசப்பாக்கத்திலிருந்து வந்தவள் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னாள். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே வூட்ல ரெண்டு பேரும் தனித்தனியா குடி இருக்கறாப்ல கீறீங்க. புள்ளகிட்ட ஒரு கத சொல்றீங்களா, ஒரு பாட்டு பாடறீங்களா? ஊருக்கெல்லாம் பாட்டு போடறீங்க. அடுத்த திங்கக்கெழம வர்றேன். இப்டியே இருந்தா அவள நான் கூட்டிட்டு போய்ட்றேன்."

அவன் தலையை ஆட்டினான். கவியாவும் போய்விட்டால் இந்த மரத்துப்போன உடம்புக்குள் ஒன்றுமே மிஞ்சாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், அந்த வாரம் முழுக்க அவளிடம் பேச வாய் வரவில்லை. நாளை மறுநாள் திங்கட்கிழமை.

திரையில் இன்னொரு வரி. "பாப்பா சிரிப்பு சூப்பர்."

அதற்குக் கீழே இன்னொன்று. "ப்ரோ கதைய முடிங்க அப்பறம் பாட்டு போடுங்க."

நேரலையில் பாட்டுப் போடுகிறவனுக்குப் பாட்டைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு சத்தத்தையும் அதனதன் வாய்க்காலில் விடவேண்டும். ஒன்று மடை மாறிப் பாய்ந்தால் மொத்தமும் சேறுதான். தாண்டவராயனின் லேப்டாப்பில் நான்கு வரிசைகள் இருந்தன. பாட்டு ஒன்று. அவன் பேசும் மைக் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே சாக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்த மைக் ஒன்று. அது பிடிக்கும் காற்றையும் பூச்சிச் சத்தத்தையும் பாட்டுக்கு அடியில் லேசாகக் கலந்து விடுவான், கேட்பவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். நான்காவது, உள்ளறையில் கவியாவின் கட்டில் தலைமாட்டில் கட்டியிருந்த சிறிய மைக். ஹெட்போன் போட்டுக்கொண்டால் அவள் அழுதாலும் அவனுக்குக் கேட்பதில்லை. ஒருநாள் அவள் தொண்டை கட்டும்வரை அழுதிருக்கிறாள். அதன்பிறகுதான் அதைக் கட்டினான். அந்தச் சத்தம் நேரலைக்குப் போகாது. அவனுடைய இடது காதுக்கு மட்டும் வரும்.

இன்று இடது காதில் ஒன்றும் வரவில்லை. பிள்ளை தூங்குகிறாள் என்று நினைத்திருந்தான். இருமல் இல்லை, கட்டில் கிறீச்சிடவில்லை, புரளும்போது போர்வை மைக்கில் உரசும் அந்தச் சத்தம்கூட இல்லை.

முதலில் வெளி மைக்கைக் குறைத்தான். வேலியோரம் யாராவது நின்று பேசிக்கொண்டிருக்கலாம். ஹெட்போனில் காற்று நின்றது. வரிகள் நிற்கவில்லை. "இப்ப இன்னும் க்ளியரா கேக்குது, தேங்க்ஸ் ணா."

மேசையில் போன் அதிர்ந்தது. உமர் ஃபாரூக். வாணியம்பாடியில் வீட்டு முன்னறையிலேயே தோல் பை கடை வைத்திருப்பவன். சனிக்கிழமைகளில் கடையில் உட்கார்ந்தபடியே தாண்டவராயனுடைய நேரலையில் கண்டபடி எழுதுகிறவர்களை விரட்டும் வேலையைச் செய்பவன். தாண்டவராயன் ஒரு காதை விடுவித்துப் போனை அதில் வைத்தான்.

"இன்னா மச்சான், பாட்டுக்கு நடுவுல கத சொல்லிகினு கீற? புது ஐட்டமா?"

"நான் பேசலடா."

"அதான் பாக்கறேனே. கேமராவுல உன் வாய் மூடித்தான் கீது. முன்னாடியே ரெகார்டு பண்ணி வுட்டுட்டியா? எப்டியோ, நல்லா கீது. எம் பொண்டாட்டி அடுப்ப வுட்டுட்டு வந்து உக்காந்துகினா. பிரியாணி கருகினா நீதான் பொறுப்பு."

"இன்னா கத?"

"நீ சொல்ற கத என்னிய கேக்கறியா? கரடி கத. தேன் புடிக்காத கரடியாம். உம் பொண்ணு வுழுந்து வுழுந்து சிரிக்கறா." உமரின் குரல் இறங்கியது. "இத்தினி நாள் கழிச்சி நீ இப்டி பேசி கேக்கறது சந்தோசமா கீதுடா. வெச்சிட்றேன். நடத்து."

தாண்டவராயன் போனைக் கவிழ்த்து வைத்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது வரிசையைப் பார்த்தான்.

ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று காதுக்கு. ஒன்று நேரலைக்கு. மதியம் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எல்லாக் குறிகளையும் அழித்துவிட்டிருந்தது. அவன் அவசரத்தில் மறுபடியும் குறியிட்டபோது நான்காவதற்கு மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறான். உள்ளறையின் சத்தம் அவன் காதுக்கு வராமல் உலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். பிள்ளை தூக்கத்தில் உளறியிருப்பாள். கேட்டவர்கள் மீதியைக் கற்பனை செய்திருப்பார்கள்.

ஆனால் கையை எடுத்துச் சுட்டியின் மேல் வைத்தவன் அதை அழுத்தவில்லை. நான்காவது வரிசையின் பச்சைக்கோடு ஆடிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னதாக, வெடுக்வெடுக்கென்று சில துள்ளல்கள், அது கவியா. பிறகு ஒரு இடைவெளி. பிறகு நீளமாக, தாழ்வாக, வாக்கியத்தின் கடைசியில் சற்றே தொங்கும் ஒரு அலை. ஒவ்வொருவர் குரலுக்கும் கோட்டில் ஒரு நடை உண்டு. ஆளைப் பார்க்காமல் நடையை வைத்துச் சொல்லிவிடுகிற மாதிரி, மைக்கோடு பிழைப்பவனுக்கு அது தெரியும். அந்த நீள அலையை அவன் வருடக்கணக்காக இரண்டாவது வரிசையில் பார்த்திருக்கிறான்.

இரண்டாவது வரிசை இப்போது அசையாமல் கிடந்தது.

'காதுக்கு' என்ற கட்டத்தில் குறியிட்டான்.

"...அதுக்கு தேன்னா ஆவாது. மத்த கரடிங்கல்லாம் மரத்துல ஏறி நக்கினு இருந்தா, இது மட்டும் கீழ உக்காந்துகினு, எனக்கு ஊறுகா குடுங்கடான்னு கேக்கும்."

"பொய்யி," என்றாள் கவியா. சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்தது.

"பொய்யின்னா போய் அந்த கரடியவே கேளு."

அவன் குரல். அவனேதான். கொஞ்சம் கரகரப்பு, 'போய்' என்னும்போது மூக்கில் லேசாக ஏறி இறங்குவது, எல்லாம். ஆனால் அவனிடம் இல்லாமல் போன ஒன்று அதில் இருந்தது. அது கதகதப்பாக இருந்தது. மாலினி இருந்தபோது அவன் இப்படித்தான் பேசியிருப்பான் என்று அவனுக்குத் தோன்றியது. உறுதியாகத் தெரியவில்லை. அவன் பயப்படவேண்டும். அதுவும் அவனுக்குத் தெரிந்தது. உடம்பு பயத்தை எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டில் கேட்கிற சண்டையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மட்டும் மயிர் சிலிர்த்து நின்றது.

இடது காதில் குரல் நின்றது. யாரோ மைக்கின் பக்கம் தலையைத் திருப்பினால் மூச்சு மாறுமே, அப்படி மாறியது.

"அவரு இப்ப கேக்கறாரு," என்றது அவன் குரல், மிகத் தாழ்வாக. "நீ பேசாத கண்ணு."

பச்சைக்கோடு விழுந்தது.

முழுதாக விழவில்லை. அடியில் துடித்துக்கொண்டிருந்தது. மூச்சு. ஒன்று சின்னது. ஒன்று பெரியது.

ஹெட்போனைக் கழற்றினான். பாட்டு ஸ்பீக்கரில் இல்லை. ஹெட்போனுக்குள் கொசு மாதிரி இரைந்தது. வீடு அமைதியாக இருந்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் எழுந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் நேரலைக்குப் போயிருக்காது என்று நினைத்தான். அப்படி நினைத்தது எதற்கென்று அவனுக்கே புரியவில்லை.

நடை இருட்டாக இருந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. நடுவில் இரண்டு இடங்களில் அறுந்திருந்தது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றால் பாதங்களின் நிழல் விழுவதுபோல.

நின்றான்.

கோடு முழுசானது.

கதவைத் திறந்தான்.

கவியா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அறைக்குள் அவனுடைய சட்டையின் வாடை இருந்தது. நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய சட்டையில் வருமே, அவனுடைய வேர்வையும் பெட்டிகளின் ரப்பரும் கலந்து, அது. கட்டிலின் இன்னொரு பக்கத்தில் மெத்தை ஒரு ஆளின் பாரத்துக்குப் பள்ளமாகியிருந்தது. கையை வைத்தான். சூடாக இருந்தது.

"யாருகூட பேசின?"

"அப்பாகூட."

"நான்தான அப்பா."

அவள் அவனைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல, மரியாதையாக. "நீங்க பாட்டு போடறவரு," என்றாள்.

அவன் யோசிக்கவில்லை. போர்வையோடு சேர்த்து அவளை வாரி எடுத்தான். அவள் அழவில்லை, திமிறவில்லை. வழக்கமாக அவன் தூக்கினால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் கைகள் அப்படியே தொங்கின. முன்கதவை மூடாமல் ஓடி, பெட்டிகளுக்கு நடுவே வேனின் பின்சீட்டில் அவளை உட்கார வைத்துப் பக்கவாட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். வண்டியிலேயே கிடந்த சாவியைத் திருகினான். திங்கட்கிழமைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இப்போதே கலசப்பாக்கம் போய் ஷோபனாவிடம் விட்டுவிடலாம். கவியாவை இழந்தாலும் பரவாயில்லை. அங்கே இருந்தால் போதும்.

மூடுபனியில் விளக்கு ஒரு வீச்சுக்கு மேல் போகவில்லை. சாலையின் வெள்ளைக் கல் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. பின்னால் பெட்டிகள் வளைவுக்கு வளைவு முனகின. அவள் எதுவும் கேட்கவில்லை. எங்கே போகிறோம் என்றுகூட. அவன் கண்ணாடியில் பார்த்தான். உட்கார வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வெகுதூரம் இறங்கி, டவர் மறுபடி கிடைக்கும் வளைவு வந்தபோது போன் அடித்தது. ஷோபனா. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, பாதில போன் பண்றேன்னு கோச்சிக்காதீங்க. எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்." அவள் குரல் அழுது முடித்த மாதிரி இருந்தது. "டிவில போட்டு நானும் அம்மாவும் கேட்டுனு இருக்கோம். உமர் அண்ணந்தான் கேளும்மான்னு சொன்னாரு. நான் அன்னிக்கு அப்டி பேசினது தப்பு மாமா. நான் வர்ல. பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஷோபனா, நான் இப்ப..."

"தெரியும், சேர் காலியாத்தான் கீது. எழுந்து உள்ள போய்ட்டீங்க. போன எடுத்துட்டு கதைய நிறுத்திட்டீங்களோன்னு பயந்தேன். ஆனா கத ஓடுதே. எப்டி மாமா, முன்னாடியே பதிஞ்சதா? இருங்க, பாப்பா சிரிக்கறத நீங்களே கேளுங்க."

அவள் போனை டிவியின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். மூடுபனி அடைத்த வேனுக்குள் கவியா சிரித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள்.

நேரலை பின்தங்கித்தான் போய்ச் சேரும். சில நொடிகள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சில நொடிகள்தான். அவன் மலையில் பாதி இறங்கியிருந்தான்.

"வண்டி போய்ட்ச்சாப்பா?" என்று கேட்டாள் கவியா, போனுக்குள்.

"போய்ட்ச்சி கண்ணு," என்றது அவன் குரல்.

ஷோபனா சிரித்தபடி ஏதோ சொன்னாள். டவர் அறுந்தது.

தாண்டவராயன் கண்ணாடியைப் பார்த்தான். பின்சீட்டில் போர்வை. போர்வைக்கு மேல் அவன் பின்னிவிட்ட பின்னல். முகம் அவனைப் பார்த்திருந்தது. அது கண் சிமிட்டுகிறதா என்று பார்த்தான்.

வெகுநேரம் பார்த்தான்.

திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினான். மேலே ஏறும்போது அவன் கண்ணாடியை மடக்கி வைத்துவிட்டான். பின்னாலிருந்து சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. கழுத்தின் பின்புறம் மட்டும் யாரோ குனிந்து பார்ப்பது போலக் குளிர்ந்துகொண்டிருந்தது. இறங்கி ஓடலாம். இறங்கினால் வீடு தூரம். வீட்டில் கவியா இருக்கிறாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

வீட்டின் முன் வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்காமல் இறங்கினான். அவன் திறந்துபோட்டுவிட்டுப் போன கதவு மூடியிருந்தது. உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்தன. தாளிப்பு மணம் வந்தது. யாரோ முட்டை பொரிக்கிறார்கள். தட்டு வைக்கும் சத்தம். கவியாவின் குரல், இடைவிடாமல், மூச்சு விடாமல், நாள் கணக்கில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் சொல்லிவிடுகிற வேகத்தில்.

கதவைத் தட்டினான்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாருங்க?" என்றது அவன் குரல்.

'நான்' என்று சொல்ல வாயைத் திறந்தான். தொண்டை அசைந்தது. நாக்கு அசைந்தது. வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. மறுபடியும் முயன்றான். காற்று.

"யாருப்பா அது?" என்றாள் கவியா.

"யாருமில்ல கண்ணு. காத்து. நீ சாப்புடு."

உள்ளங்கையால் கதவை அறைந்தான். கை மரத்திருந்தது. வலிக்கவில்லை. சத்தமும் எழவில்லை.

அவனுக்குப் பின்னால், வேனின் பக்கவாட்டுக் கதவு மெதுவாக உருண்டு திறந்தது.

திங்கட்கிழமை ஷோபனா மலை ஏறவில்லை. அக்கா வீட்டுக்காரர் தேறிவிட்டார், பிள்ளை அவரிடமே இருக்கட்டும் என்று உறவினர்களுக்குச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைகளில் அந்த வீட்டிலிருந்து நேரலை நடக்கிறது. அதில் இப்போது பாட்டு இல்லை. கதை மட்டும்தான். கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.